தயிர் வேண்டாம் என்கிறாள், கனமான நாவல்களாகப் படிக்கிறாள்: என்ன செய்வது?

கேள்வி: என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். நான்கு மாதமாக வீகன். பால், தயிர், நெய், முட்டை, தேன் எதையும் தொடுவதில்லை. தனியாக உலை வைக்க எனக்கு நேரமில்லை. சுலபமாக என்ன செய்து கொடுப்பது, சத்து போதுமா? இன்னொன்று: மன அழுத்தம், பட்டினி கிடக்கும் நோய், தற்கொலை எண்ணம் என்று இதையே பேசும் ஆங்கில இளையோர் நாவல்களைத் தேடித் தேடிப் படிக்கிறாள். முன்பைவிடக் களைப்பாகவும் தெரிகிறாள். புத்தகங்களை அவளிடமிருந்து பிடுங்கி வைத்துவிடலாமா?

பதில்: முதலில் களைப்பைப் பார்ப்போம். அதை நாவல்களின் தலையில் கட்டுவதற்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் உள்ள இரும்புச்சத்து இருப்பு), வைட்டமின் பி12, வைட்டமின் டி, தைராய்டுக்கு டிஎஸ்எச். பி12 குறைந்தால் வரும் சோர்வும் மறதியும் எரிச்சலும் பார்வைக்கு மன அழுத்தம் மாதிரியே இருக்கும். உள்ளங்கால் மரத்துப்போவதும் ஊசி குத்துவது போன்ற உணர்வும் சேர்ந்தால் சந்தேகம் கூடும். உடம்பில் இருப்பு இருந்தால் நான்கு மாதத்தில் அது தீர்ந்துவிடாதுதான். ஆனால் பாலும் தயிரும் சாப்பிடும் சைவக் குடும்பங்களிலேயே நம் ஊரில் பலருக்கு பி12 குறைவு. அங்கிருந்து வீகனுக்குப் போகிறவர்கள் காலிப் பானையோடுதான் கிளம்புகிறார்கள். ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது, அதனால் பி12 பார்க்க வேண்டாம் என்றும் விட்டுவிடாதீர்கள். கீரையும் பருப்பும் நிறையச் சாப்பிடுபவர்களுக்கு ஃபோலேட் என்ற இன்னொரு பி வைட்டமின் தாராளமாகக் கிடைக்கும். அது ரத்தசோகையை மறைத்துவிடும். நரம்பு பாதிப்பு மட்டும் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும்.

தாவர உணவில் நம்பத்தக்க பி12 கிடையாது. புளித்த இட்லி மாவு, பழைய சோறு இவற்றில் கிடைக்கும் என்று சொல்வதை நம்பி இருக்க முடியாது. ஸ்பைருலினாவில் இருப்பதும் பெரும்பாலும் பி12 போலத் தோற்றமளித்து உடம்புக்கு உதவாத வேறொரு பொருள். மாத்திரைதான் வழி. பிரிட்டனில் உள்ள வீகன் சங்கம் சொல்லும் அளவு, தினமும் குறைந்தது 10 மைக்ரோகிராம் அல்லது வாரம் ஒருமுறை 2000 மைக்ரோகிராம். ஏற்கெனவே குறைந்திருந்தால் எவ்வளவு, எத்தனை நாள் என்பதை டாக்டர் சொல்லட்டும். கேப்சூல் உறை பெரும்பாலும் ஜெலட்டினால் ஆனது, அது விலங்குப் பொருள். உங்கள் மகள் அதைக் கவனித்து வேண்டாம் என்றால் அடம் என்று நினைக்காமல், மாத்திரை வடிவமாகக் கேட்டு வாங்குங்கள்.

சமையல் நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. சாம்பார், ரசம், வற்றல் குழம்பு, சுண்டல், இட்லி, அடை, புட்டு, தேங்காய்ப்பால் பாயசம் எல்லாமே நெய்யை எடுத்துவிட்டால் வீகன்தான். நல்லெண்ணெயிலோ கடலை எண்ணெயிலோ தாளித்துவிட்டு, அவள் தட்டுக்கு எடுத்த பிறகு மற்றவர்களுக்கு நெய் ஊற்றுங்கள். தனி உலை தேவையில்லை. இடிக்கும் இடம் மூன்று: தயிர், காலைக் காபி, பாலில் வந்துகொண்டிருந்த கால்சியம்.

தயிருக்கு வேர்க்கடலைத் தயிர். 150 கிராம் பச்சை வேர்க்கடலையை 8 மணி நேரம் ஊறவையுங்கள். சுருங்கியது, கறுத்தது, பூஞ்சை வாடை அடிப்பது எதுவும் வேண்டாம், தூக்கிப் போடுங்கள். ஊறியதைக் கசக்கித் தோலை நீக்க வேண்டும். தோலோடு அரைத்தால் தயிர் கசக்கும், நிறமும் மங்கும். ஒரு டம்ளர் தண்ணீரில் வெண்ணெய் போல அரைத்து, இன்னும் இரண்டு டம்ளர் சேர்த்து மெல்லிய துணியில் பிழியுங்கள். சக்கையை அடை மாவில் கலந்துவிடலாம். பாலைச் சிறு தீயில் 8 முதல் 10 நிமிடம், கரண்டியை எடுக்காமல் கிண்டுங்கள். பச்சை வாடை போய், கரண்டியின் முதுகில் மெல்லிய ஏடாக ஒட்டும்போது இறக்கலாம். தீ பெரிதானால் அடியில் பிடிக்கும், திரிந்தும் போகும். விரல் வைத்தால் சுகமாகச் சூடு தெரியும் பதத்துக்கு ஆறியதும் அரை டீஸ்பூன் சர்க்கரை, கழுவிய பச்சை மிளகாய்க் காம்பு 10 போட்டு மூடி வையுங்கள். பசும்பாலில் இருக்கும் லாக்டோஸ் இதில் இல்லை; புளிக்கவைக்கும் கிருமிகளுக்கு அந்தச் சர்க்கரைதான் தீனி. 8 முதல் 10 மணி நேரத்தில் உறையும்.

முதல் தடவை தளர்வாகவும் கொஞ்சம் மிளகாய் வாடையோடும்தான் வரும். இங்கேதான் பலர் கைவிடுகிறார்கள். அதிலிருந்து ஒரு மேசைக்கரண்டி எடுத்து அடுத்த பாலுக்கு உறை ஊற்றினால் இரண்டாம் தடவை கட்டியாக வரும். இளஞ்சிவப்போ ஆரஞ்சோ படர்ந்தாலும், அழுகல் வாடை வந்தாலும், நூல் போல இழுத்தாலும் ருசி பார்க்காமல் கொட்டிவிடுங்கள். தயிர்சாதத்துக்குச் சாதம் நன்றாக ஆறிய பிறகு கலக்க வேண்டும். மோர்க்குழம்பு என்றால் தேங்காய் அரைக்கும்போது ஒரு டீஸ்பூன் அரிசிமாவு சேர்த்து, குழம்பு விளிம்பில் நுரைக்கும்போதே இறக்குங்கள், கொதித்தால் திரியும்.

ஆனால் இந்தத் தயிர் நாக்குக்குத்தான் தயிர். பசும்பால் தயிரில் இருந்த கால்சியமோ பி12-ஓ இதில் இல்லை.

காபியில் சோயாப்பால் திரிவதற்குக் காரணம் டிகாக்‌ஷனின் புளிப்பும் சூடும். பாலைத் தனியாக மிதமாகச் சூடாக்கி, அதில் டிகாக்‌ஷனைச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். தலைகீழாகச் செய்தால்தான் பெரும்பாலும் திரிகிறது. கடைச் சோயாப்பாலில் கால்சியம் சேர்க்கப்பட்டதா என்று அட்டையில் பாருங்கள். சேர்த்திருந்தால் ஒவ்வொரு முறையும் குலுக்கி ஊற்றுங்கள், கால்சியம் அடியில் தங்கிவிடும்.

இந்த வயதில் கால்சியம் தினம் 1000 மில்லிகிராமை ஒட்டித் தேவை. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மி.கி. இருக்கிறது, முருங்கைக்கீரையில் 300-க்கு மேல். காலையில் கேழ்வரகு தோசையோ கூழோ, மதியம் முருங்கைக்கீரை, இட்லிக்கு எள்ளுப்பொடி, ஒரு டம்ளர் கால்சியம் சேர்த்த சோயாப்பால் என்று பரப்பினால் தேவையில் பெரும்பகுதி வந்துவிடும். மீதிக்கு மாத்திரை வேண்டுமா என்று பரிசோதனையின்போது கேளுங்கள். பசலை வகைக் கீரையில் கால்சியம் இருந்தாலும் அதே கீரையில் உள்ள ஆக்சலேட் என்ற பொருள் அதை உடம்பில் சேரவிடாமல் கட்டிப் போட்டுவிடும், கணக்கில் சேர்க்காதீர்கள். சமையலுக்கு இந்துப்பு வாங்குகிறீர்களா? பாலையும் நிறுத்தியவருக்கு அயோடின் வரும் வழி அயோடின் உப்புதான், அதற்கே திரும்புங்கள்.

புரதம் ஒரு நாளைக்கு 46 கிராமை ஒட்டி வேண்டும். உலர்ந்த மீல் மேக்கர் 30 கிராமில் 15 கிராம் புரதம் இருக்கிறது. உப்புப் போட்ட வெந்நீரில் 10 நிமிடம் ஊறவைத்து, பச்சைத் தண்ணீரில் இரண்டு மூன்று தடவை நன்றாகப் பிழிந்து எடுங்கள். பிழியாமல் போட்டால்தான் அந்தச் சோயா வாடையும், மசாலா உள்ளே இறங்காத சப்பென்ற ருசியும். 50 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டல், ஒரு கை வேர்க்கடலை, வழக்கமான பருப்பு, சோறு, தோசை சேர்ந்தால் போதும். சுண்டலில் எலுமிச்சை பிழிந்தால் இரும்புச்சத்து கூடுதலாகச் சேரும். சாப்பாட்டோடு காபி, டீ குடித்தால் அதே இரும்பு வீணாகும், ஒரு மணி நேரம் தள்ளட்டும். கடைப் பண்டத்தில் பச்சைப் புள்ளி இருந்தால் சைவம் என்றுதான் பொருள், பால் இருக்கலாம். வீகனுக்குத் தனி முத்திரை இருக்கிறது, இலையோடு கூடிய பச்சை ‘வி’.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்று. வீகன் சாப்பாடு நோயல்ல. ஆனால் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போகும் நோய் சிலரிடம் இந்தப் பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். வீட்டில் யாரும் தடுக்க முடியாத காரணமாக அது இருப்பதுதான் வசதி. பட்டினி கிடக்கும் நோய் பற்றிய நாவல்களும் சேர்ந்திருப்பதால் இதைக் கவனிக்கத்தான் வேண்டும். ஒன்று போன இடத்தில் இன்னொன்று வருகிறதா என்று பாருங்கள். தயிர் போய் வேர்க்கடலைத் தயிர் வந்தது, முட்டை போய்ச் சுண்டல் வந்தது என்றால் அவள் கொள்கையோடு இருக்கிறாள். பால் போனது, பிறகு எண்ணெய், பிறகு சோறு, பிறகு இரவுச் சாப்பாடு, எதற்கும் பதில் வரவில்லை என்றால் அது வேறு கதை. அட்டையில் பால் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்கிறாளா, கலோரி எத்தனை என்று பார்க்கிறாளா? வீட்டாருக்கு ஆசையாகச் சமைத்துவிட்டுத் தான் சாப்பிடாமல் எழுகிறாளா? சாப்பிட்டதும் குளியலறைக்குப் போகிறாளா? எடை இறங்குவது, எப்போதும் குளிர்கிறது என்பது, மாதவிடாய் மூன்று மாதம் வராமல் போவது ஆகியவை இருந்தால் நாள் பார்க்காமல் மருத்துவரிடம் போங்கள். மயக்கம் வந்தால் அன்றைக்கே.

நாவல்களைப் பொறுத்தவரை, பிடுங்கி வைக்காதீர்கள். பிடுங்கினால் போனில் படிப்பாள், உங்களிடம் பேசுவதை நிறுத்துவாள். இந்த வகைக் கதைகளைப் பெரும்பாலான பிள்ளைகள் தங்கள் குழப்பத்துக்கு ஒரு பெயர் தேடித்தான் படிக்கிறார்கள். தோழிக்கு வந்ததைப் புரிந்துகொள்ளப் படிப்பவர்களும் உண்டு. அதேசமயம் எல்லாப் புத்தகமும் ஒன்றல்ல. தற்கொலைச் செய்திகள் பெரிதாக வெளியானதும் தற்கொலைகள் கூடுவதை 1974-இல் அமெரிக்கச் சமூகவியலாளர் டேவிட் ஃபிலிப்ஸ் கவனித்து, ஜெர்மன் எழுத்தாளர் கதேயின் 1774 நாவலின் நாயகன் பெயரால் ‘வெர்தர் விளைவு’ என்றார். 2010-இல் வியன்னா ஆய்வாளர்கள் இதன் மறுபக்கத்தைச் சொன்னார்கள்: நெருக்கடியில் இருந்தவர் எப்படி மீண்டார் என்று காட்டும் செய்திகள் காப்பாற்றக்கூடும். மொசார்ட்டின் இசை நாடகத்தில் வரும் பாத்திரத்தின் பெயரால் அது ‘பாபகேனோ விளைவு’. இரண்டும் செய்திகளை வைத்துச் சொன்னவைதான், ஆனாலும் நாவலை எடைபோட நல்ல தராசு. சாகும் வழி விலாவாரியாக வருகிறதா, சாவு பழிவாங்கலாகவோ அழகாகவோ காட்டப்படுகிறதா, காதல் வந்ததும் நோய் பறந்துவிடுகிறதா, மாத்திரையை நிறுத்துவது விடுதலையாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நம்பத்தக்க பெரியவர் ஒருவராவது கதைக்குள் இருந்தால் நல்லது. முழுக்கப் படிக்க நேரமில்லை என்றால் முன்பக்க எச்சரிக்கைக் குறிப்பையும் கடைசி மூன்றில் ஒரு பங்கையும் படியுங்கள். மீட்சி இருந்தால் அங்கேதான் இருக்கும்.

பட்டினி நோய் நாவல்களுக்கு மட்டும் தனி விதி. பிரிட்டனில் ஆய்வாளர் எமிலி ட்ரோஷியாங்கோ, உணவுக் கோளாறு உள்ளவர்களுக்கு உதவும் ‘பீட்’ என்ற அமைப்போடு சேர்ந்து நடத்தி 2018-இல் வெளியிட்ட கருத்தாய்வில், அந்த நோயை அனுபவித்தவர்கள் பெரும்பாலும் அதே நோய் பற்றிய கதைகள் தங்கள் மனநிலையை மோசமாக்கியதாகவும், தங்களுக்குப் பிடித்த வேறு கதைகள் உதவியதாகவும் சொன்னார்கள். எடை எத்தனை, கலோரி எத்தனை என்று எண்கள் வரும் பக்கங்கள் வாசகருக்குப் போட்டியாகிவிடும், ஒளித்து வைக்கும் தந்திரங்கள் பாடமாகிவிடும். மேலே சொன்ன அறிகுறிகளில் ஒன்றிரண்டு அவளிடம் இருந்தால் இந்த ஒரு வகையை இப்போதைக்குத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள், ஏன் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

பேச்சை எங்கே தொடங்குவது என்று தயங்கினால், வேர்க்கடலைத் தோல் உரிக்க இரண்டு பேராக உட்காருங்கள். கண்ணுக்குக் கண் பார்க்காமல் கை வேலையாக இருக்கும்போது இந்த வயதுப் பிள்ளைகள் கொஞ்சம் கூடுதலாகப் பேசும். “நீ இப்படி இருக்கிறாயா” என்று கேட்காமல், “அந்தப் பொண்ணு ஏன் அம்மாகிட்ட சொல்லல?” என்று கதைக்குள் நின்று கேளுங்கள். பதிலுக்கு நடுவே திருத்தம் சொல்லாதீர்கள். கவலைப்படும்படி ஏதாவது வந்தால் மட்டும் நேரடியாக, “சாகணும்னு உனக்குத் தோணுதா?” என்றே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால் அவளைத் தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். அரசு மாவட்ட மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு.

கடைசியாக, அந்த நாவல்களின் பின்பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். உதவிக்கு 988 என்றோ 116 123 என்றோ அச்சிட்டிருக்கும். முதலாவது அமெரிக்க எண், இரண்டாவது பிரிட்டன் எண். இங்கிருந்து அழைத்தால் அந்த உதவி கிடைக்காது. நம் நாட்டுக்கு அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ், 14416. 2022 அக்டோபரில் தொடங்கியது, கட்டணமில்லை, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். அந்த எண்ணை ஒரு அட்டையில் எழுதி, அவள் இப்போது படித்துக்கொண்டிருக்கும் புத்தகத்துக்கு அடையாளச் சீட்டாகக் கொடுங்கள்.