டெமோ வகுப்பில் ஆசிரியர் எவ்வளவு பேச வேண்டும்?

கேள்வி: ஈரோட்டில் ஒரு மெட்ரிக் மேல்நிலைப் பள்ளியில் பல ஆண்டுகளாக இயற்பியல் நடத்தி வருகிறேன். எம்.எஸ்சி., பி.எட். முடித்திருக்கிறேன். கணவருக்குச் சென்னைக்கு மாற்றல் ஆகியிருப்பதால் அங்குள்ள ஓர் இன்டர்நேஷனல் பள்ளிக்கு விண்ணப்பித்தேன், நேர்முகத்துக்கு அழைத்திருக்கிறார்கள். ஒன்பது, பத்தாம் வகுப்புக்குக் கேம்பிரிட்ஜ் ஐ.ஜி.சி.எஸ்.இ., அதன் பிறகு ஐ.பி. (இன்டர்நேஷனல் பேக்கலாரியேட்) டிப்ளமோ. முதலில் ஆன்லைனில் பேசுவார்களாம். தேறினால் நேரில் 20 நிமிட டெமோ வகுப்பு. இந்தப் பாடத்திட்டங்களை நான் நடத்தியதே இல்லை. ஆங்கிலம் எழுத வரும், பேசத் தயக்கம். மூன்று வாரத்தில் எதைப் படித்துக்கொண்டு போவது?
— ஒரு வாசகி, ஈரோடு

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் ஐ.ஜி.சி.எஸ்.இ. நடத்தியதில்லை என்பது உங்கள் விண்ணப்பத்திலேயே இருக்கிறது. அதைப் பார்த்த பிறகுதான் அழைத்திருக்கிறார்கள் என்பதால், அதை ஒரு குறையாக எண்ணி மறைக்கவோ மன்னிப்புக் கேட்கும் தொனியில் சொல்லவோ வேண்டியதில்லை. ஓம் விதி எந்தப் பாடத்திட்டத்திலும் ஓம் விதிதான். படிப்பதற்கு ஒரு வாரம் போதும்; மீதி இரண்டு வாரத்தை டெமோ வகுப்புக்கும் பேசிப் பழகுவதற்கும் ஒதுக்குங்கள்.

கேம்பிரிட்ஜின் இணையதளத்தில் 0625 என்ற எண்ணுள்ள இயற்பியல் பாடத்திட்டம் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் பாடப் பகுதிகளைக் காட்டிலும் மதிப்பெண் பங்கீட்டை ஊன்றிப் படியுங்கள்: அறிந்து புரிந்துகொண்டதற்கு 50 விழுக்காடு, தகவல்களைக் கையாண்டு கணக்குகளுக்குத் தீர்வு காண்பதற்கு 30, செய்முறைத் திறனுக்கு 20. பழைய வினாத்தாள் ஒன்றையும் அதற்கான விடைக்குறிப்பையும் அருகருகே வைத்துப் பார்த்தால், மனப்பாடமாக எழுதிய வரையறைக்கு அங்கே எவ்வளவு குறைவாக மதிப்பெண் கிடைக்கிறது என்பது ஒரே மாலையில் விளங்கிவிடும். டிப்ளமோவில் ஆறு பாடங்கள், ஒவ்வொன்றுக்கும் உச்சம் 7; எல்லா மாணவரும் செய்ய வேண்டிய பொதுக்கூறுகளுக்கு (நீண்ட கட்டுரை, அறிவுக் கோட்பாடு) 3 சேர்த்து மொத்தம் 45. இயற்பியலில் 20 விழுக்காடு மாணவர் தாமே ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுத்து ஆய்வு செய்து எழுதும் அறிக்கைக்கு உரியது. ஆசிரியர் திருத்துவார், ஐ.பி. அமைப்பு மாதிரிகளை வாங்கிச் சரிபார்க்கும். நம் பள்ளிகளின் ரெக்கார்டு நோட்டு எப்படி நிரம்புகிறது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆகவே, முடிவு முன்கூட்டியே தெரியாத ஒரு சோதனையை மாணவரைச் செய்யவைத்த அனுபவம் உங்களுக்கு இருந்தால் அதைத் தவறாமல் சொல்லுங்கள்.

இனி டெமோ வகுப்பு. மெட்ரிக் பள்ளியிலிருந்து வரும் நல்ல ஆசிரியர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். அதற்குக் காரணம் பாட அறிவின்மை அன்று, பேச்சு மிகுதி. 20 நிமிடத்தில் ஒரு பாடத்தையே முடித்துக்காட்ட வேண்டும் என்று நினைத்துக் கரும்பலகையை நிரப்புகிறார்கள்; பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தேர்வுக்குழுவோ மாணவர் எத்தனை முறை வாய் திறந்தார்கள் என்பதைத்தான் கவனித்துக்கொண்டிருக்கிறது.

தலைப்பை உங்கள் விருப்பத்துக்கு விட்டால், தனி ஊசலை எடுத்துக்கொள்ளலாம். 30 செ.மீ. நூலில் ஓர் இரும்பு நட்டைக் கட்டித் தொங்கவிட்டு, ஒரே ஓர் அலைவுக்கு ஆகும் நேரத்தை ஒவ்வொருவரையும் அளக்கச் சொல்லுங்கள். ஸ்டாப்வாட்ச் கிடைக்குமா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். ஒருவர் 0.9 வினாடி என்பார், இன்னொருவர் 1.3 என்பார். எல்லாவற்றையும் பலகையில் எழுதிவிட்டு, 'ஊசல் ஒன்றுதானே, விடை மட்டும் ஏன் பலவாக வருகிறது?' என்று கேட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். பதில் வரச் சற்று நேரம் ஆகும், அந்த அமைதியை நீங்கள் நிரப்பிவிடக் கூடாது. பொத்தானை அழுத்தத் தாமதமாகிறது என்று யாரேனும் சொல்வார்கள். அதற்கு என்ன செய்யலாம் என்று திருப்பிக் கேட்டால், பத்து அலைவுகளை அளந்து பத்தால் வகுக்கலாம் என்ற யோசனை அவர்களிடமிருந்தே வரக்கூடும். வராவிட்டால், 'ஓர் அலைவுக்குப் பதில் கூடுதலாக அளந்தால்?' என்ற அளவுக்கு மட்டும் எடுத்துக்கொடுங்கள். அளந்து பார்த்தால் விடைகள் 1.1 வினாடியை ஒட்டி நெருங்கிவிடும். பிழை ஏன் குறைந்தது என்று ஆளுக்கொரு துண்டுத்தாளில் ஒரே வாக்கியம் எழுதித் தரச் சொல்லி வகுப்பை முடியுங்கள். சூத்திரத்தை எழுதவே வேண்டாம். வகுப்பு முடிந்ததும், 'இதையே மறுபடி நடத்தினால் எதை மாற்றுவீர்கள்?' என்று குழுவினர் கேட்பது வழக்கம். அந்தத் துண்டுத்தாள்களைப் புரட்டிப் பார்த்து, எத்தனை பேருக்குப் பிடிபட்டது, எங்கே குழம்பினார்கள் என்று சொன்னாலே போதும்.

ஆன்லைன் நேர்முகத்தில் ஆங்கிலச் சரளத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், தெளிவே போதுமானது. பாடத்தில் பின்தங்கிய ஒரு மாணவர், மிக வேகமாகப் புரிந்துகொண்ட ஒரு மாணவர், கோபத்துடன் வந்த ஒரு பெற்றோர், திட்டமிட்டபடி நடக்காத ஒரு வகுப்பு என நான்கு உண்மை நிகழ்வுகளை, யார் என்று அடையாளம் தெரியாத விதத்தில், ஒவ்வொன்றும் இரண்டு நிமிடத்துக்குள் அடங்குமாறு வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். எழுதி மனப்பாடம் செய்தால் குரலே காட்டிக்கொடுத்துவிடும். கேள்விகள் எப்படி வந்தாலும் பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றைத்தான் சுற்றிவரும்.

குழந்தைப் பாதுகாப்பு பற்றிய கேள்வி மட்டும் தனி. அதற்குத் தடுமாறினால் மற்றவை எடுபடமாட்டா. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி இடைவேளையில் வந்து, 'மிஸ், ஒண்ணு சொல்லணும், யார்கிட்டயும் சொல்லிடாதீங்க' என்கிறாள். என்ன செய்வீர்கள் என்று கேட்பார்கள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்களிக்கக் கூடாது. உன் பாதுகாப்புக்குத் தேவையென்றால் உரியவரிடம் மட்டும் சொல்வேன் என்று கூறிவிட்டு, துருவித் துருவி விசாரிக்காமல் காதுகொடுத்துக் கேட்டு, அவள் சொன்னதை அவள் சொற்களிலேயே குறித்து, அன்றே பள்ளியில் அதற்கெனப் பொறுப்பு வகிப்பவரிடம் தெரிவிக்க வேண்டும். பாலியல் குற்றம் என்றால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி காவல்துறைக்குத் தகவல் தருவது அறிந்தவர் எவருக்கும் கட்டாயம் என்பதையும் சொல்லுங்கள். 'வீட்டுக்கு போன் செய்து அம்மாவிடம் பேசுவேன்' என்பது நல்லெண்ணத்தில் பலரும் சொல்லும் பதில். குற்றம் வீட்டுக்குள்ளேயே நடந்திருக்கக்கூடும் என்பதால் அது ஆபத்தான பதில்.

நீங்களும் அவர்களைக் கேளுங்கள். பெயர்ப்பலகையில் இன்டர்நேஷனல் என்று இருப்பதால் மட்டும் ஒரு பள்ளி ஐ.பி. பள்ளி ஆகிவிடாது, அங்கீகாரம் பெற்றுவிட்டதா, இன்னும் விண்ணப்ப நிலையில்தான் இருக்கிறதா என்பதை ஐ.பி. இணையதளத்தின் பள்ளிப் பட்டியலிலேயே பார்த்துக்கொள்ளலாம். வாரத்துக்கு எத்தனை பீரியட், ஐ.பி. பயிற்சிக்கான கட்டணம் யாருடையது, அந்தச் செலவுக்கு ஈடாக இத்தனை ஆண்டு வேலை செய்ய வேண்டும் என்று பாண்டு எழுதி வாங்குவார்களா என்பனவற்றைச் சம்பளப் பேச்சின்போதே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். அசல் சான்றிதழ்களைச் சரிபார்க்கக் காட்டிவிட்டுக் கையோடு திரும்ப வாங்கிவிடுங்கள். இப்போதைய பள்ளியில் உங்கள் அசல்கள் இருந்தால், பணி நியமனக் கடிதம் கைக்கு வந்த பிறகு, ஒப்பந்தத்தில் சொன்ன நோட்டீஸ் காலத்தைக் கணக்கிட்டு ராஜினாமாவை எழுத்தில் கொடுத்து, அதே கடிதத்தில் அவற்றைத் திருப்பித் தரும்படி கேளுங்கள்; பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்துடன் அதன் நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும்.