95 செ.மீ. மழை எத்தனை குடம்?

அம்மா, உங்கள் கடிதமும், மகளின் நோட்டிலிருந்து படமெடுத்து அனுப்பிய 23 பக்கங்களும் கிடைத்தன. பிளஸ் டூ படிக்கிற பெண் எந்நேரமும் செய்தியே கதியென்று கிடக்கிறாள், வயநாடு நிலச்சரிவின்போது இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை, பரீட்சை நெருங்குவதால் போனையும் நோட்டையும் வாங்கி பீரோவில் பூட்டிவிட்டோம் என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்து அவளை என்ன படிக்க வைப்பது என்பதும் உங்கள் கேள்வி. பெற்ற மனசு பதறத்தான் செய்யும். தூக்கம் கெட்டு, சோறு இறங்காமல், பள்ளிக்கூடமே வேண்டாம் என்கிற நிலை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் 14416-ஐக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்று பெயர். காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் பெண் அந்த நிலையில் இல்லை. ஆறுதல் இத்தோடு போதும். எனக்குக் கவலை தருவது, அவளுடைய பெரியப்பா பேசி வைத்திருக்கும் அந்த சீட்டுதான்.

தனியார் கல்லூரி, கம்ப்யூட்டர் சயின்ஸ், மேனேஜ்மென்ட் கோட்டா, ஆண்டுக்கு 3 லட்சம். “லோன் போட்டுக்கலாம்” என்று அவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். போட்டுத்தான் பார்ப்போமே. வருஷத்துக்கு 3 லட்சமாக நாலு வருஷத்தில் 12 லட்சம். வட்டி பத்தரை சதவீதம் என்று வையுங்கள். படிக்கும் நாலு வருஷமும் அதன்பின் ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டாம், ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். தனிவட்டியாகப் போட்டாலே 4 லட்சத்து 41 ஆயிரம். தவணை தொடங்கும் அன்று கடன் 16 லட்சத்தைத் தாண்டி நிற்கும். பத்து வருஷத்தில் அடைக்க மாதம் சுமார் 22,000 ரூபாய். விடுதி, சாப்பாடு இதில் சேரவில்லை. கடன் ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் வங்கி பொதுவாக ஈடு கேட்கும். உங்களிடம் இருப்பது ஒரு வீட்டுப் பத்திரம். யோசனை சொன்ன பெரியப்பா தன் பத்திரத்தைத் தருவாரா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ் கெட்ட படிப்பு இல்லை. அரசு கவுன்சலிங்கில், அவளே ஆசைப்பட்டு எடுத்தால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். வீட்டை அடகு வைத்து, அவள் கேட்காத ஒன்றை வாங்கிக் கொடுப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

இனி நோட்டுக்கு வருகிறேன். நீங்கள் அதை டைரி என்கிறீர்கள், அவளுடைய அப்பா புலம்பல் என்கிறார். 23 பக்கங்களையும் பென்சிலோடு உட்கார்ந்து படித்தேன். அழுகையும் கோபமும் ஏழெட்டுப் பக்கம். மீதியெல்லாம் எண்கள்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் உங்கள் ஊரும் மூழ்கியது. டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69 செ.மீ. என்று செய்தி வந்தது. அதற்குக் கீழே, அப்போது பத்தாம் வகுப்பில் இருந்த பிள்ளை எழுதியிருப்பது: “நம்ம மொட்டை மாடி 600 சதுர அடி. 95 செ.மீ. பெய்தால் எத்தனை குடம்?” கணக்கும் போட்டிருக்கிறாள். 53,000 லிட்டர் வருகிறது; 15 லிட்டர் குடத்தில் மூவாயிரத்து ஐந்நூறு குடம். சரியாகத்தான் இருக்கிறது. அடுத்த வரி இன்னும் முக்கியம்: “இரண்டு ஊருக்கும் நடுவில் பத்து கிலோமீட்டர்கூட இல்லை. 26 செ.மீ. எப்படிக் குறைந்தது? நடுவில் ஒரு மழைமானி இருந்தால் என்ன காட்டியிருக்கும்?” வயநாடு பக்கத்தில், தினமும் மாறிய சாவு எண்ணிக்கையைத் தேதி போட்டுப் பட்டியலிட்டு, காணாமல் போனவர்களை எந்தக் கணக்கில் சேர்த்தார்கள் என்று கேட்டிருக்கிறாள். வேலையின்மை குறைந்தது என்ற செய்தியை ஒட்டிவைத்து, “எங்கள் தெருவில் வேலையில்லாத அண்ணன்கள் ஆறு பேர். இவர்களை யார் எண்ணினார்கள்?” என்று கேட்டிருக்கிறாள்.

அந்தக் கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன், அவளிடம் காட்டுங்கள். தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்தும் உழைப்புப் படைக் கணக்கெடுப்பில், வார அளவுகோலின்படி, கடந்த ஏழு நாளில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரமாவது வேலை செய்திருந்தால் அவர் வேலையில் இருப்பவர். சித்தப்பா கடையில் ஒரு மணி நேரம் சரக்கு இறக்கிக் கொடுத்த அண்ணனும் அதில் சேர்ந்துவிடுவார். எண் பொய் இல்லை. அந்த எண் எதை எண்ணுகிறது என்பதைத் தலைப்பு சொல்வதில்லை. செய்தி வந்ததும் அந்த இடத்தில் கை வைக்கிற பிள்ளைக்கு ஒரு படிப்பு இருக்கிறது. பி.எஸ்சி. புள்ளியியல். சட்டம், இதழியல், கலெக்டர் பரீட்சை என்று எல்லோரும் சொல்வதைச் சொல்ல உங்கள் வீட்டிலேயே ஆள் இருப்பார்கள்.

அவள் கணிதம்-உயிரியல் பிரிவு. அது போதும், பிளஸ் டூவில் கணிதம் இருக்க வேண்டும், அவ்வளவே. சென்னை மாநிலக் கல்லூரியிலும் கோவை அரசு கலைக் கல்லூரியிலும் இந்தப் படிப்பு உண்டு. சென்னை கிறித்தவக் கல்லூரி, லயோலாவிலும் உண்டு, செலவு கூடும். அரசுக் கல்லூரிகளுக்கு எல்லாம் சேர்த்து ஒரே இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். பிளஸ் டூ முடிவு வரும் நாட்களை ஒட்டித் திறப்பார்கள், சீக்கிரம் மூடிவிடுவார்கள். ஆண்டுக் கட்டணம் சில ஆயிரத்துக்குள் அடங்கும். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். உண்மையான செலவு வெளியூர் விடுதிதான். அதை மட்டும் இப்போதே விசாரியுங்கள்.

பட்டத்தின் பெயரில் ஏமாந்துவிடாதீர்கள். டேட்டா சயின்ஸ், டேட்டா அனலிடிக்ஸ் என்று பளபளப்பான பெயர்களில் இன்று நிறையப் படிப்புகள். மத்திய தேர்வாணையம் நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வுக்கு, பட்டத்தில் புள்ளியியல், கணிதப் புள்ளியியல், பயன்பாட்டுப் புள்ளியியல் ஆகியவற்றில் ஒன்று பாடமாக இருக்க வேண்டும். மூன்று வருஷம் படித்துவிட்டு விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தை நிரப்ப முடியாமல் நிற்பது அநியாயம். சேரும் முன் பாடத்திட்டத்தை வாங்கி, கூறெடுப்பு (சாம்ப்ளிங்), மதிப்பீடு (எஸ்டிமேஷன்), கருதுகோள் சோதனை (ஹைபாதிசிஸ் டெஸ்டிங்), தொடர்புப் போக்கு (ரிக்ரஷன்), சோதனை வடிவமைப்பு (டிசைன் ஆஃப் எக்ஸ்பெரிமென்ட்ஸ்) ஆகியவை தனித்தனித் தாள்களாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

வேலை? இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வு 1,200 மதிப்பெண்ணுக்கு. ஆங்கிலம் 100, பொது அறிவு 100, புள்ளியியல் நாலு தாள் 800, நேர்முகம் 200. வயது 21 முதல் 30. இதர பிற்படுத்தப்பட்டோருக்கும் பட்டியல் இனத்தாருக்கும் தளர்வு உண்டு. இடங்கள் வருஷத்துக்குச் சில பத்துகள்தான், அதை மட்டும் நம்பி இறங்கக் கூடாது. அதற்குக் கீழே மத்திய அரசு வேலைகளுக்கான எஸ்.எஸ்.சி. தேர்வு வழியாக இளநிலைப் புள்ளியியல் அலுவலர், டி.என்.பி.எஸ்.சி. வழியாக மாநிலப் பொருளியல் மற்றும் புள்ளியியல் துறையில் உதவிப் புள்ளியியல் ஆய்வாளர் என்று படிகள் இருக்கின்றன. மருந்து ஆய்வு, காப்பீடு, வங்கி ஆகியவை தனி. எம்.எஸ்சி. படிக்க நெல்லையில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமே இருக்கிறது, ஐ.ஐ.டி.க்குப் போக ஜாம் தேர்வில் கணிதப் புள்ளியியல் தாள்.

கணக்கெடுக்கக் களத்துக்குப் போகும் வேலை கிடைத்தால் அது நாற்காலி வேலை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தேர்ந்தெடுத்த ஊரில் தேர்ந்தெடுத்த வீடுகளுக்குத்தான் போக வேண்டும். வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டைக் கேட்டு நிரப்பக் கூடாது, திரும்பப் போக வேண்டும். அடுக்குமாடிக் காவலாளி உள்ளே விட மாட்டார். வீட்டுக்காரர் எல்லோருக்கும் சேர்த்து ஒரே பதில் சொல்லிவிட்டு, மாடு கறக்கும் மனைவியை “சும்மாதான் இருக்கா” என்பார். அந்த மனைவியை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்பதில்தான் நாளைய தலைப்புச் செய்தி உருவாகிறது. 2011-க்குப் பிறகு எடுக்காத மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027-க்கு வந்து நிற்கிறது. அவள் முதலாண்டில் இருக்கும்போது நாடே எண்ணப்படும். புள்ளியியல் மாணவிக்கு இதைவிட நல்ல நேரம் வாய்க்காது.

வழுக்கும் இடமும் தெரிந்திருக்கட்டும். சராசரி, விழுக்காடு என்று நினைத்து வருகிறவர்கள் முதலாண்டு நிகழ்தகவில் தொகையீட்டைப் பார்த்து மிரள்கிறார்கள். பிளஸ் டூ கணிதப் புத்தகத்தில் 9-வது பாடமும் (தொகை நுண்கணிதத்தின் பயன்பாடுகள்) 11-வது பாடமும் (நிகழ்தகவு பரவல்கள்) அவளுக்கு எப்படி வருகின்றன என்று கணக்கு டீச்சரிடம் கேளுங்கள். மார்க்கைக் கேட்க வேண்டாம். புத்தகத்தில் இல்லாத கணக்கைக் கொடுத்தால் அரை மணி நேரம் விடாமல் முட்டுகிறாளா என்று கேளுங்கள். இல்லை என்று டீச்சர் சொன்னால் எனக்கு எழுதுங்கள், வேறு பாதை பார்ப்போம். ஆம் என்றால், கல்லூரியில் சேர்ந்த முதல் வருஷத்திலேயே ‘ஆர்’ என்கிற புள்ளியியல் மென்பொருளைக் கற்கட்டும். இலவசம்தான். கணினி தொடாமல் பட்டம் வாங்கியவர்கள்தான் வேலை இல்லை என்று திரிகிறார்கள்.

பெரியப்பாவிடம் முன்பணம் கொடுக்க வேண்டாம் என்று இந்த வாரமே சொல்லிவிடுங்கள். அசல் சான்றிதழ்களையும் எந்தக் கல்லூரியிடமும் விட்டு வைக்காதீர்கள். செய்தி பார்க்க இரவு சாப்பாட்டுக்குப் பின் அரை மணி நேரம் கொடுங்கள். படுக்கைக்குப் போன் போகக் கூடாது, அவ்வளவுதான் கண்டிப்பு.

நோட்டை இன்றைக்கே பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடுங்கள். 17-ம் பக்கத்தில் ஒரு கணக்கு பாதியில் நிற்கிறது.