ஸ்மோக்கி மவுண்டன்ஸ்ல மூணு நாள்: அருவி, பழைய கேபின், கரடி எல்லாத்தையும் போட்டோ எடுக்க எப்படி பிளான் பண்றது?

எந்த நாள் எந்த இடம்னு கேட்டிருக்கீங்க. நான் அட்லாண்டால இருக்கேன், ஆறேழு வருஷமா வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது, அமெரிக்காவுல டென்னசி-நார்த் கரோலினா எல்லைல இருக்கிற கிரேட் ஸ்மோக்கி மவுண்டன்ஸ் நேஷனல் பார்க் போயிட்டு வரேன், அந்த அனுபவத்துல சொல்றேன், இடத்த வச்சு நாளப் பிரிக்காதீங்க, வானத்தப் பாத்து பிரிங்க. மேகமூட்டமோ தூறலோ இருந்தா அருவி, வெயில் அடிச்சா கேபின், அதாவது அங்க முன்னாடி குடியிருந்தவங்க கட்டின பழைய மரக்கட்டை வீடுங்க, விடியக்காலைல மிருகங்க. ஹோட்டல் ஜன்னல்ல மழையப் பாத்ததும் கேமராவ எடுத்து உள்ள வைக்கிறவங்க நிறைய பேரு, ஆனா அங்க அருவிக்கு அதவிட நல்ல நேரம் கிடையாது.

அந்த மலை உச்சில வருஷத்துக்கு 85 இன்ச் வரைக்கும் மழை பெய்யும், அதனால ஓடை இல்லாத பக்கமே இல்ல. வெயில் அடிச்சா தண்ணி ஒரே வெள்ளையா பர்ன் ஆகி, பக்கத்துல பாறை கறுப்பா போயிடும். மேகம் இருந்தா பாசியோட பச்சை, ஈரப் பாறை எல்லாமே வரும். டிரைபாட் கண்டிப்பா வேணும், லென்ஸ் முன்னாடி மாட்டற போலரைசர் பில்டர் அதவிட முக்கியம், ஏன்னா ஈர இலைலயும் பாறைலயும் இருக்கிற அந்த வெள்ளைப் பளபளப்ப எடிட்டிங்ல எடுக்கவே முடியாது. ஷட்டர் கால் செகண்ட்ல இருந்து அரை செகண்டுக்குள்ள வச்சுப் பாருங்க, அதுக்கு மேல போனா தண்ணி பஞ்சு மாதிரி ஆயிடும், எனக்கு அது பிடிக்காது, தண்ணி விழற வேகம் கொஞ்சமாவது தெரியணும். ஒரே ஒரு அருவிதான்னா குரோட்டோ பால்ஸ் போங்க. 25 அடிதான், ஆனா பாதையே அருவிக்குப் பின்னாடி போகுது, போய்ட்டு வர 2.6 மைல். அதுக்குப் போற ரோரிங் போர்க் ரோடு ஒன்வே, பனிக்காலத்துல மூடிடுவாங்க. லாரல் பால்ஸ் பாதைய 2025 ஜனவரில பெரிய வேலைக்காக மூடினாங்க, கிளம்பறதுக்கு முன்னாடி திறந்திருக்கான்னு பாத்துக்குங்க. ராம்சே கேஸ்கேட்ஸ் 100 அடி, ஆனா 8 மைல் நடக்கணும், மூணு நாள்ல அதுக்கு ஒரு முழு நாள் போயிடும். ஒண்ணு மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கறேன், போட்டோவுக்காக ஓடைல கல்ல நகர்த்தாதீங்க, அடுக்காதீங்க. அந்த பார்க்ல 30 வகை சாலமாண்டர் (பாக்க பல்லி மாதிரி இருக்கும், ஆனா தவளை இனத்துக்குச் சொந்தம்) இருக்கு, நிறைய அந்தக் கல்லுக்கு அடிலதான் குடியிருக்கு, முட்டையும் அங்கதான் வைக்கும்.

மிருகத்துக்கு கேட்ஸ் கோவ்ங்கிற பள்ளத்தாக்கு. அதச் சுத்தி வர 11 மைல் ஒன்வே ரோடு, சூரியன் உதிக்கும்போது கேட் திறப்பாங்க, அப்பவே வாசல்ல நிக்கணும். பத்து மணிக்குப் போனா முன்னாடி போற காரோட பின்பக்கத்ததான் பாக்கலாம். பார்க் முழுக்க சுமார் 1,900 கருங்கரடி இருக்கு, ஆகஸ்ட் வாக்குல காட்டு செர்ரி பழுக்கறப்போ மரத்து மேல ஏறி தின்னுட்டு இருக்கும், அதனால தரைய மட்டும் பாக்காம மேலயும் பாருங்க. 150 அடிக்குள்ள வேணும்னே கிட்ட போனா அது சட்டப்படி குத்தம், 400 எம்எம் லென்ஸ் இருந்தா அந்த தூரமே தாராளம். ஒரு தடவை தாய்க்கரடியும் ரெண்டு குட்டியும் ரோட்டோரம் வந்துச்சு, ஜனங்க கார விட்டு இறங்கி சூழ்ந்துட்டாங்க, நானும் அதுல ஒருத்தன். குட்டிங்க பயந்து மரத்துல ஏறிடுச்சு, தாய் கீழ அங்கயும் இங்கயும் அலைஞ்சுகிட்டே இருந்துச்சு. படம் நல்லாதான் வந்துச்சு, ஆனா வீட்டுக்கு வந்து பாக்கப் பாக்க மனசு கேக்கல, அழிச்சிட்டேன். அதுக்கப்புறம் நான் காருக்குள்ளயே இருந்து, ஜன்னல்ல பீன் பேக் (லென்ஸ் ஆடாம தாங்கற சின்ன மூட்டை) வச்சுதான் எடுக்கறேன். எல்க்ங்கிற பெரிய மான் வேணும்னா நார்த் கரோலினா பக்கம் ஒகோனலப்டீ போங்க, அந்தக் காட்டுல இல்லாமலே போயிருந்த மிருகத்த 2001ல திரும்பக் கொண்டுவந்து விட்டாங்க, இப்ப சாயங்காலம் புல்வெளில மேயும்.

என்ட்ரன்ஸ் கட்டணம் கிடையாது, ஆனா 15 நிமிஷத்துக்கு மேல வண்டி நிறுத்தினா பார்க்கிங் டேக் வேணும், வாரத்துக்கு 15 டாலர்.

இப்ப கேபின். இதுக்குதான் எல்லாரும் அஞ்சு நிமிஷம் ஒதுக்கறாங்க, எனக்கு அங்க ரொம்பப் பிடிச்சதே இதுதான். கேட்ஸ் கோவ்ல ஜான் ஆலிவர் கேபின் 1820கள்ல கட்டினது. மூலைக்குப் போய் கிட்ட பாருங்க, ஆணி இல்ல, கட்டைய கொத்தி ஒண்ணுமேல ஒண்ணு கோத்திருக்காங்க, தன்னோட எடைலயே இறுகி நிக்குது, இடுக்குல மண்ணு அப்பியிருக்கு. அந்த மூலைய காலைல சாய்வு வெயில்ல எடுத்தா ஒவ்வொரு கோடாலி வெட்டும் தெரியும். உள்ள இருட்டு, பிளாஷ் போடாதீங்க, கதவு வழியா வர வெளிச்சம் போதும், கேமராவோட ஐஎஸ்ஓவ (வெளிச்சத்த வாங்கற அளவு) ஏத்திக்கலாம். சுவர்ல எத்தனை பேரோட பேரு கத்தியால செதுக்கியிருக்குன்னு பாக்கறப்போ வயிறு எரியும்.

இந்த வீடுங்க தானா காலியானது இல்ல. 1934ல பார்க் வந்தப்போ 1,200க்கும் மேல நில உரிமையாளர்கள் இடத்த விட்டுட்டுப் போக வேண்டியதாச்சு, அதுக்கும் ஒரு நூறு வருஷம் முன்னாடி, 1838ல, அந்த மண்ணோட பூர்வகுடிகளான செரோக்கி ஜனங்கள அந்த மலைகள்ல இருந்தே விரட்டினாங்க. பார்க் வந்தப்போ போக மாட்டோம்னு நின்னவங்கள்ல வாக்கர் குடும்பத்து அக்கா தங்கச்சிங்க அஞ்சு பேரு உண்டு. கடைசில 4,750 டாலருக்கு நிலத்தக் குடுத்தாங்க, உசுரோட இருக்கிற வரைக்கும் அங்கயே இருப்போம்ங்கிற கண்டிஷனோட. நூல் நூத்து, நெசவு பண்ணி, வேணுங்கிறத விளைவிச்சுகிட்டு அங்கயே இருந்தாங்க, கடைசியா இருந்த லூயிசா 1964ல இறந்தாங்க. மெட்கால்ப் பாட்டம்ஸ்ல காரப் போட்டுட்டு, 1882ல கட்டின பள்ளிக்கூடத்தத் தாண்டி இன்னும் ஒரு மைல் நடந்தா அந்த வீடு வரும், அவ்வளவு தூரம் நடக்கணும்ங்கறதால கூட்டம் கம்மி. ஒரு அக்டோபர் மத்தியானம் நான் போனப்போ வேற யாருமே இல்ல. கணப்பு இருக்கிற அந்த ஒரே பெரிய ரூம்ல, வாசல் வெளிச்சம் தரைப் பலகை மேல நீளமா விழுந்திருந்துச்சு, அது சுவருக்கு நகர்ற வரைக்கும் ஒரு மணி நேரம் உக்காந்திருந்து நாலே நாலு படம் எடுத்தேன்.