'எனிவன்' என்ற ஆங்கிலச் சொல்லை 'யாரும்', 'யாராவது', 'யார் வேண்டுமானாலும்' என்று மூன்று விதமாக மொழிபெயர்க்கிறார்களே, எது சரி?

மூன்றுமே சரி. ஆனால் ஒன்று வர வேண்டிய இடத்தில் மற்றொன்றை வைத்தால் பொருள் கெட்டுவிடும். மொழிபெயர்ப்புகளைத் திருத்தும் வேலையில் என்னை அதிகம் தடுமாற வைத்த சொற்களில் இதுவும் ஒன்று என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

தமிழில் 'யார்' என்னும் வினாச்சொல்லோடு 'உம்' சேர்ந்தால் யாரும், 'ஆவது' சேர்ந்தால் யாராவது, 'ஓ' சேர்ந்தால் யாரோ என்று, பொருள் வேறுபாட்டைச் சொல்லின் ஈறே காட்டிவிடுகிறது. ஆங்கிலத்தில் எனிவன் என்ற வடிவம் மாறுவதில்லை. அதைச் சூழ்ந்துள்ள வாக்கியத்தைப் பார்த்துத்தான் பொருள் கொள்ள வேண்டும். 'டிட் எனிவன் கால்?' என்பது வினா. எனவே 'யாராவது அழைத்தார்களா?' என்று ஆகும். 'இஃப்' கொண்டு தொடங்கும் நிபந்தனைக்கும் இதே விதிதான். 'ஐ டிட் நாட் சீ எனிவன்' என்பது எதிர்மறை. அது 'நான் யாரையும் பார்க்கவில்லை' என்று ஆகும். 'எனிவன் கேன் ஜாயின்' என்பது தடையின்மையைச் சொல்வதால் 'யார் வேண்டுமானாலும் சேரலாம்' என்பது பொருந்தும். 'யாரும் சேரலாம்' என்பதும் இங்கே நல்ல தமிழ்தான்; என் காதுக்கு அது அறிவிப்புப் பலகையின் நடையாக ஒலிக்கிறது, அவ்வளவே.

எதிர்மறை என்றதும் 'நாட்' என்ற சொல்லை மட்டும் தேடக்கூடாது. 'வித்தவுட்', 'ஹார்ட்லி', 'டவுட்', 'ரெஃப்யூஸ்' போன்ற சொற்களுக்குள்ளும் மறுப்பு ஒளிந்திருக்கிறது. அதனால்தான் அவற்றின் பின்னால் எனிவன் இயல்பாக வந்து அமர்கிறது. 'வித்தவுட் டெல்லிங் எனிவன்' என்பதைத் தமிழாக்கும்போது 'யாரிடமும் சொல்லாமல்' என்று அந்த மறுப்பு வெளிப்படையாகவே தெரிந்துவிடும். எட்வர்ட் கிளிமா என்ற மொழியியலாளர் 1964இல் வெளியிட்ட ஆங்கில எதிர்மறை பற்றிய ஆய்வு, இத்தகைய சொற்களின் நடத்தையை ஆராய்ந்த முன்னோடி முயற்சிகளில் ஒன்று.

நம்மவர் அதிகம் வழுக்கி விழும் இடம் சொல்வரிசை. 'யாரும் வரவில்லை' என்று நினைத்துக்கொண்டு அதே வரிசையில் 'எனிவன் டிட் நாட் கம்' என்று எழுதிவிடுகிறோம். தமிழில் வினை இறுதியில் வருவதால், 'யாரும்' முதலில் வந்து, அதை மறுக்கும் 'இல்லை' கடைசியில் வரலாம். ஆங்கிலத்தில் மறுப்பு முன்னால் வந்த பிறகே எனிவன் வர முடியும். எழுவாயிலேயே மறுப்பு வேண்டுமானால் 'நோபடி கேம்' என்றுதான் சொல்ல வேண்டும்.

இன்னொரு நுட்பம் எனக்கு மிகவும் பிடித்தது. 'ஐ டோன்ட் லெண்ட் மை புக்ஸ் டு எனிவன்' என்ற வாக்கியத்துக்கு இரண்டு பொருள் உண்டு. இறங்கும் தொனியில் முடித்தால் 'என் புத்தகங்களை நான் யாருக்கும் இரவல் கொடுப்பதில்லை' என்பது பொருள். கடைசிச் சொல்லை அழுத்தி, குரலை இறக்கி மீண்டும் ஏற்றினால் 'கண்டவர்களுக்கெல்லாம் கொடுப்பதில்லை' என்று ஆகிவிடும். அதாவது, ஒரு சிலருக்குக் கொடுப்பதுண்டு. எழுத்தில் தொனி தெரியாது என்பதால் 'ஜஸ்ட் எனிவன்' என்று எழுதி இந்த இரண்டாவது பொருளைத் தெளிவாக்குவார்கள். ஒருமுறை இந்த 'ஜஸ்ட்'டைக் கவனிக்காமல் 'யாருக்கும்' என்று எழுதி, தாராள மனம் படைத்த ஒரு கதாபாத்திரத்தைக் கஞ்சனாக்கியிருக்கிறேன்.

'சம்வன்' என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெளிவு கூடும். 'யாரோ அழைத்தார்கள்' என்றால் அழைத்தவர் இன்னார் என்று தெரியாது, ஆனால் அழைப்பு வந்தது உறுதி. அங்கே சம்வன்தான் வரும். வினாவில் இரண்டுமே வரலாம். 'டிட் எனிவன் கால்?' என்பது பொதுவான விசாரிப்பு; 'டிட் சம்வன் கால்?' என்று கேட்பவரோ 'ஆம்' என்ற விடையை ஓரளவு எதிர்பார்க்கிறார்.

'எனிபடி' என்பதற்குப் பொருள் வேறல்ல; பேச்சுவழக்குச் சாயல் மட்டும் சற்றுக் கூடுதல். 'எனி ஒன்' என்று பிரித்து எழுதினால், பெரும்பாலும் 'ஆஃப்' தொடர, 'இவற்றுள் ஏதேனும் ஒன்று' என்ற பொருளில் பொருட்களையும் குறிக்கும். சேர்த்து எழுதினால் மனிதரை மட்டுமே குறிக்கும்.

கடைசியாக ஒருமை, பன்மை. தமிழில் 'யாராவது வந்திருக்கிறார்களா?' என்று பன்மை வினையைப் பயன்படுத்துவதால், 'ஹேவ் எனிவன் கம்?' என்று எழுதும் பழக்கம் ஒட்டிக்கொள்கிறது. எனிவன் ஒருமை என்பதால் 'ஹேஸ்' என்பதே சரி. ஆனால் அதே நபரை அடுத்து ஒரு பிரதிப்பெயரால் சுட்டும்போது 'இஃப் எனிவன் கால்ஸ், டெல் தெம் டு வெயிட்' என்று பன்மை வடிவம் வருவதைக் காணலாம். இது பிழையன்று, ஆணா பெண்ணா என்று தெரியாத ஒருவரைத் 'தே' என்று சுட்டும் வழக்கம் ஆங்கிலத்தில் 14ஆம் நூற்றாண்டு முதலே இருக்கிறது. பால் காட்டாத 'அவர்' நமக்குக் கைவசம் இருப்பதால், 'யாராவது அழைத்தால் அவரைக் காத்திருக்கச் சொல்லுங்கள்' என்று எழுதுவதில் தமிழருக்கு இந்தச் சிக்கலே இல்லை.