21 இலக்க எண்: பகா எண்ணா, பகு எண்ணா?

கேள்வி: என்னிடம் 147573952589676412927 என்று ஓர் எண் இருக்கிறது. எக்செல்லில் இதை 5-ஆல் வகுத்தாலும் 7-ஆல் வகுத்தாலும் முழு எண்ணே விடையாக வருகிறது. இணையத்தில் ஒரு கருவியோ ‘அநேகமாகப் பகா எண்’ என்கிறது. பகா எண்தான் என்று சான்றிதழ் வாங்கி, ஆய்விதழிலும் வெளியிட்டுத் தருவதாக ஒருவர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். இது பகு எண். 193707721-ஐ 761838257287-ஆல் பெருக்கினால் இதே எண் வரும். 2-இன் 67-ஆம் அடுக்கில் ஒன்றைக் கழித்தால் கிடைப்பதுதான் இது. பிரெஞ்சுத் துறவி மெர்சென் 1644-இல் இதைப் பகா எண் பட்டியலில் சேர்த்துவிட்டார். அது தவறு என்று பிரெஞ்சுக் கணிதர் லூக்கா 1876-இல் காட்டினார், ஆனால் காரணிகள் அவருக்குக் கிடைக்கவில்லை. அவற்றை 1903-இல் சொன்னவர் அமெரிக்கக் கணிதர் கோல்.

முதலில் எக்செல். எண் இருக்கும் கலத்தைச் சொடுக்கி மேலே தெரியும் வரியைப் பாருங்கள்: 147573952589676000000. முதல் 15 இலக்கங்களைத்தான் அது வைத்துக்கொள்ளும், மிச்சம் ஆறையும் சத்தமில்லாமல் பூஜ்யமாக்கிவிடும். விடைக்கும் அதே கதிதான், தசமம் தெரிய இடமே இல்லை. எந்தச் சின்ன எண்ணால் வகுத்தாலும் வகுபட்டதுபோல் தெரியத்தானே செய்யும்! நீங்கள் சோதித்தது உங்கள் எண்ணையே அல்ல. பைத்தான் நிரல்மொழியில் போடுங்கள், முழு எண் எவ்வளவு நீளமானாலும் ஒரு இலக்கம்கூடப் போகாது.

இதையெல்லாம் எந்த வகுப்பில் சொல்லித் தருகிறார்கள்? ‘வர்க்கமூலம் வரை வகுத்துப் பார்’ என்பதோடு பாடம் முடிந்துவிடுகிறது. இந்த எண்ணின் வர்க்கமூலம் சுமார் 1,215 கோடி. சின்னக் காரணி தட்டுப்படுவதற்குள்ளேயே ஒரு கோடிக்கு மேற்பட்ட பகா எண்களைத் தாண்டியாக வேண்டும். பேனாவும் தாளும் வைத்துக்கொண்டு ஆகிற காரியமா?

அடுத்து அந்த ‘அநேகமாக’. அதிகம் பேர் ஏமாறுவது இந்தச் சொல்லில்தான். இப்படிப்பட்ட கருவிகள் சில 2 போன்ற ஒரு சின்ன எண்ணை எடுத்து, சோதிக்கும் எண்ணைவிட ஒன்று குறைவான அடுக்குக்கு உயர்த்தி, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியைப் பார்க்கின்றன. பகா எண்ணாக இருந்தால் மீதி 1 வந்தே தீரும். ஆனால் மீதி 1 வந்துவிட்டதாலேயே அது பகா எண் ஆகிவிடாது.

2047-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அது 23 × 89. ஆனால் 2-இன் 11-ஆம் அடுக்கு 2048, அதை 2047-ஆல் வகுத்தால் மீதி 1. சோதனைக்கு வேண்டிய அடுக்கு 2046, அதாவது 11 × 186. ஒன்றை 186 முறை பெருக்கினாலும் ஒன்றுதான்! பகு எண் தேறிவிட்டது. உங்கள் எண்ணுக்கும் இதே கதைதான். அதில் ஒன்றைக் கழித்தால் 67-ஆல் மீதியின்றி வகுபடும், அதனால் 2-ஐ வைத்துச் சோதித்தால் மீதி 1 வராமல் போகாது. 2-இலிருந்து பிறந்த எண்ணை 2-ஐ வைத்தே சோதிப்பது, பிள்ளையின் நடத்தைக்குத் தாயிடமே சான்றிதழ் வாங்குகிற மாதிரி. 3-ஐ வைத்துச் சோதித்தால் குட்டு உடைந்துவிடும். எந்தெந்த எண்ணை வைத்துச் சோதித்தோம் என்று சொல்லாத கருவியை மூடிவிடுங்கள்.

கடைசியாக அந்தத் தரகர். 21 இலக்க எண்ணைப் பகா எண்ணா இல்லையா என்று ஐயமற நிறுவ, இலவச மென்பொருளுக்கு ஒரு நொடிகூட ஆகாது. அதற்குப் போய் யாராவது பணம் கொடுப்பார்களா? 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட, அதுவரை தெரிந்ததிலேயே மிகப் பெரிய பகா எண்ணுக்கே 4,10,24,320 இலக்கங்கள். எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் என்ற அமெரிக்க அமைப்பு அறிவித்த 1,50,000 டாலர் பரிசு பத்து கோடி இலக்கப் பகா எண்ணுக்கு. 21 இலக்கத்துக்கு எந்த நல்ல ஆய்விதழும் அரைப் பக்கம் ஒதுக்காது. காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள் ஒதுக்கும், அவர் சொல்வது அப்படி ஒன்றாகத்தான் இருக்கும்.

மறுபடி கேட்டால் 193707721 என்று மட்டும் எழுதி அனுப்புங்கள். வகுக்கத் தெரிந்தவர் என்றால் புரிந்துகொள்வார்.