நாடகம் யாருக்காக? – கேள்வி பதில்

ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கேள்விகள் இவை. நாடகவழிக் கல்வியிலும் பயன்பாட்டு அரங்கிலும் (பள்ளி, கிராமம், சிறை என்று மக்களோடு சேர்ந்து அவர்கள் தேவைக்காகச் செய்யும் நாடகம்) ஆராய்ச்சி செய்பவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தொண்டி ஆசிரியை: அக்கா, ஆண்டு விழாவுக்கு நாங்கள் போடும் நாடகமும் நாடகவழிக் கல்வியும் ஒன்றுதானா?

இல்லைம்மா. ஆண்டு விழாவில் எதிரே பெற்றோர் உட்கார்ந்திருப்பார்கள். நாடகவழிக் கல்வியில் பார்வையாளரே கிடையாது; வகுப்பு முழுக்க நாடகத்துக்குள் இருக்கும். இங்கிலாந்தின் டோரதி ஹீத்கோட் (1926–2011) ஆசிரியரையும் வேடம் ஏற்க வைத்தார். மாணவர்களை நிபுணர்களாக நடத்தினார்.

1964 தனுஷ்கோடிப் புயல் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கடலோடு போன ரயிலின் பயணிகளாகப் பிள்ளைகளை நடிக்க விடாதீர்கள். அது பயமுறுத்தும், இல்லையென்றால் சிரிப்பாகிவிடும். விசாரணைக் குழுவாக்குங்கள். நீங்கள் பாம்பன் ஸ்டேஷன் ஊழியராக வந்து நில்லுங்கள். "புயல் என்று தெரிந்தும் வண்டியை ஏன் விட்டீர்கள்?" என்று எட்டாம் வகுப்புப் பையன் கேட்பான். பதில் சொல்ல நீங்கள்தான் திணறுவீர்கள். அப்புறம் அவர்களே பழைய பேப்பரைத் தேட ஆரம்பிப்பார்கள்.

மண்டபம் கல்லூரி மாணவி: விவாத அரங்கு என்றால் என்ன மேடம்? நம் ஊரில் எடுபடுமா?

பிரேசில்காரர் அகஸ்தோ போவால் 1970-களில் வளர்த்தெடுத்த முறை. ஒரு பிரச்சினையைத் தீர்வில்லாமல் நடித்துக் காட்டிவிட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்கள். பார்ப்பவர் யாரும் "நிறுத்து" என்று சொல்லி மேடையேறி, பாதிக்கப்பட்டவரின் இடத்தில் தானே நடிக்கலாம். மேற்கு வங்கத்தில் ஜன சம்ஸ்கிருதி 1985 முதல் கிராமங்களில் இயங்கி வருகிறது.

இங்கே கடல்பாசி எடுக்கும் பெண்களோடு செய்து பார்த்தோம். வியாபாரி பாசியை எடைபோடுகிறார். ஈரம் என்று கொஞ்சம் கழிக்கிறார். ஏற்கெனவே கொடுத்த முன்பணத்துக்கு இன்னும் கொஞ்சம் கழிக்கிறார். அவ்வளவுதான் காட்சி. கூட்டத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். சண்டை போடுவார் என்று பார்த்தால், வாயே திறக்கவில்லை. தட்டிலிருந்த பாசியை அள்ளிச் சாக்கில் போட்டு, சாக்கின் வாயைக் கட்டிவிட்டார். வியாபாரியாக நடித்த பையனுக்கு வசனமே வரவில்லை. ஒரே கைதட்டல். உடனே இன்னொரு பெண், "இவ சாக்கக் கட்டிட்டா. நாளைக்கு அவசரத்துக்கு எவன் காசு தருவான்?" என்றார். அதன் பிறகுதான் நாடகமே ஆரம்பித்தது என்பேன்.

ராமநாதபுரம் ஆய்வு மாணவர்: இதனால் பயன் உண்டு என்று ஆய்வேட்டில் எப்படி நிரூபிப்பது?

அந்தக் கைதட்டலை வைத்து நிரூபிக்காதீர்கள், தம்பி. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் தாம்சனைப் படியுங்கள். சிறைகளில் நாடகம் செய்து தொடங்கியவர்; பிறகு போர் நடக்கும் இடங்களுக்குப் போனார். 2000-இல் இலங்கையின் பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் இருந்த தமிழ் இளைஞர்களோடு நாடகப் பட்டறை நடத்தினார். அதே ஆண்டு அக்டோபர் 25 அன்று ஒரு கும்பல் முகாமுக்குள் புகுந்து இருபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. தன் பட்டறைக்கும் அந்தக் கொலைகளுக்கும் ஏதாவது தொடர்பு இருக்குமோ என்ற கேள்வியை அவர் தள்ளிவிடவில்லை, உட்கார்ந்து எழுதினார். நாடகத்தின் விளைவை மட்டுமே கணக்குக் காட்டுவது போதாது, அது தரும் அழகும் மகிழ்ச்சியும்கூட முக்கியம் என்று 2009-இல் வந்த நூலில் வாதாடினார்.

எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. விளைவை நிதி கொடுப்பவர் கேட்காவிட்டாலும் ஊர் கேட்கும். ஆறு மாதம் கழித்து மறுபடி போங்கள். மேடையேறிய பெண்ணுக்கு அப்புறம் வியாபாரி முன்பணம் கொடுத்தாரா என்று விசாரியுங்கள். யார் வரவில்லை, யார் பாதியில் எழுந்து போனார் என்பதையும் எழுதுங்கள். என்னைக் கேட்டால் ஆய்வேட்டின் நல்ல அத்தியாயம் அதுதான்.

மண்டபம் இலங்கை அகதிகள் முகாம் இளைஞர்: அக்கா, யாழ்ப்பாணத்தில் இப்படி யாரும் செய்யவில்லையா?

நிறையச் செய்திருக்கிறார்கள். குழந்தை ம. சண்முகலிங்கத்தின் சிறுவர் நாடகங்களிலிருந்து தொடங்குங்கள். அப்புறம் அவருடைய ‘மண் சுமந்த மேனியர்’ (1985). இலங்கையின் கிழக்கில் சி. மௌனகுரு. நம் கரையில் இவர்களை இவ்வளவு குறைவாகப் படிப்பது எனக்கு ஆதங்கம்தான்.

முதுகுளத்தூர் வாசகர்: எங்கள் திருவிழாவில் விடிய விடிய வள்ளி திருமணம். உங்கள் ஆராய்ச்சியில் அதற்கு இடம் உண்டா?

இல்லாமலா! ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் வேறோர் ஊர்; ஒத்திகை இல்லாமல் மேடையிலேயே தர்க்கம் செய்கிறார்கள். பபூன் உள்ளூர்ச் சங்கதியை இழுத்தால் கூட்டம் பதில் கொடுக்கிறது. அமெரிக்க ஆய்வாளர் சூசன் செய்சர் இந்த ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதியிருக்கிறார்.

பாம்பன் மீனவர்: டீச்சர், மக நாடகம் படிக்கணும்ங்குறா. சோறு போடுமா?

நாடகத்தை மட்டும் நம்பினால் கஷ்டம், அண்ணே. நம் பள்ளிகளில் அது தனிப் பாடமாக இல்லை. ஒரு டிகிரியும் பி.எட்.டும் கையில் இருக்கட்டும். வகுப்பறையில் நாடகத்தைக் கொண்டுவரும் ஆசிரியராகலாம். மேல்படிப்புக்குப் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் தமிழ் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரிலேயே நிகழ்கலைப் பள்ளி இருக்கிறது. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-இல் தொடங்கியதும் மகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். வகுப்பு நடக்கிறதா என்று முன்னாலேயே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.