மாடியில இருந்து கடை கம்ப்யூட்டர் தெரியலையா?

குமுளியில இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு: கீழ ஏலக்கா கடை, மேல வீடு, கடை கம்ப்யூட்டர்ல போட்ட கணக்க ராத்திரி மாடியில லேப்டாப்புல பாக்கணும், ரெண்டுலயும் நெட் நல்லா வருது ஆனா ஒண்ணுக்கொண்ணு தெரியவே இல்ல, ஃபயர்வால கூட ஆஃப் பண்ணி பாத்துட்டேன்.

தம்பி, மொதல்ல ஃபயர்வால திரும்ப ஆன் பண்ணிருங்க. அப்புறம் ரெண்டுலயும் கமாண்ட் பிராம்ப்ட்ல (ஸ்டார்ட்ல cmdனு தேடினா வர்ற கறுப்பு விண்டோ) ஐபிகான்ஃபிக்னு (ipconfig) அடிச்சு, ஐபிவி4 அட்ரஸ (IPv4, நெட்வொர்க்ல அந்த கம்ப்யூட்டரோட நம்பர்) ஒரு பேப்பர்ல எழுதுங்க. கீழ 192.168.1.5, மேல 192.168.0.7னு மூணாவது நம்பர் மாறி இருந்தா விண்டோஸ்ல எத தட்டினாலும் பிரயோஜனம் இல்ல. ஃபைபர் மோடம் கீழ இருக்கும், சிக்னல் எட்டலன்னு மாடிக்கு ஒரு ரவுட்டர் வாங்கி மாட்டிருப்பீங்க, அது தனக்குன்னு ஒரு தனி நெட்வொர்க்கே போட்டுக்குது, "யார் யார் இருக்கீங்க"ன்னு ஒரு கம்ப்யூட்டர் கேக்குறது ரவுட்டரத் தாண்டி அடுத்த பக்கம் போகாது, நெட் மட்டும் தாராளமா போகும். மலைப்பக்கம் ரெண்டு மாடி வீடுகள்ல நான் அதிகமா பாக்குறது இதத்தான்.

மாடி ரவுட்டர் செட்டிங்ல ஆக்சஸ் பாயின்ட் மோடு (தனி நெட்வொர்க் போடாம கீழ இருக்கிறதையே மேல நீட்டிக் கொடுக்கிறது) இருந்தா அத போடுங்க, முடிஞ்சுது. இல்லன்னா அதோட லேன் ஐபிய (வீட்டு நெட்வொர்க்ல ரவுட்டருக்குன்னு இருக்கிற நம்பர்) 192.168.1.250 மாதிரி யாருக்கும் இல்லாத நம்பரா மாத்தி, டிஹெச்சிபிய (DHCP, மத்ததுக்கெல்லாம் நம்பர் கொடுக்கிற வேலை) ஆஃப் பண்ணி சேவ் பண்ணிட்டு, கீழ இருந்து வர்ற கேபிள வேன் போர்ட்டுல (WAN, வெளிய இருந்து நெட் வர்ற ஓட்டை) இருந்து உருவி லேன் போர்ட்டுல (LAN, கம்ப்யூட்டர மாட்டுற ஓட்டை) சொருகுங்க.

மொதல்லயே மூணாவது நம்பர் ரெண்டுலயும் ஒத்துப்போகுதா? அப்ப ரெண்டுல ஏதாவது கம்ப்யூட்டர் கெஸ்ட் வைஃபைல (விருந்தாளிக்குன்னு தனியா விடுறது) இருக்கான்னு பாருங்க, விண்டோஸ் செட்டிங்ல நெட்வொர்க்க பப்ளிக்ல இருந்து பிரைவேட்டா மாத்துங்க, நெட்வொர்க் டிஸ்கவரி (மத்த கம்ப்யூட்டர கண்டுபிடிக்கிற வசதி) ஆன்ல இருக்கணும், கடை கம்ப்யூட்டர்ல சர்வீசஸ் போயி ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன ("நான் இங்க இருக்கேன்"னு மத்ததுக்கு சொல்ற வேலை) ஆட்டோமேட்டிக்ல வைங்க. யாராவது எஸ்எம்பி1 (SMB1, ஃபைல பகிர்ற பழைய முறை) ஆன் பண்ணச் சொன்னா தயவுசெஞ்சு செய்யாதீங்க, 2017 மே மாசம் ஃபைல பூட்டி வச்சு காசு கேட்ட வானாக்ரை வைரஸ் பரவுனது அந்த வழியாத்தான்.

அப்பவும் எக்ஸ்ப்ளோரர்ல நெட்வொர்க் லிஸ்ட்ல வரலன்னா அதோட அட்ரஸ் பார்ல கடை கம்ப்யூட்டர் நம்பர \\192.168.1.5 மாதிரி நேரா அடிங்க, தொறந்தா போதும், ஷார்ட்கட் போட்டுக்கலாம். பாஸ்வேர்ட் கேட்டா கடை கம்ப்யூட்டரோட அக்கவுண்ட் பாஸ்வேர்டத்தான் போடணும், தெனமும் அடிக்கிற நாலு நம்பர் பின் எடுக்காது.

இன்னொண்ணு, கடைய சாத்துன அரைமணில அந்த கம்ப்யூட்டர் ஸ்லீப்புக்கு போயிருச்சுன்னா நீங்க ராத்திரி மேல உக்காந்து எவ்ளோ தேடினாலும் கெடைக்காது, பவர் செட்டிங்ல ஸ்லீப்ப நெவர்ல வச்சுட்டு ஸ்கிரீன மட்டும் அணைய விடுங்க.